கண்ணாடியைத் துடைத்த கை

என் வீட்டுக்காரரின் உள்ளங்கையை நான் தினம் இரண்டு வேளை கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஒன்பது மணிக்கு ஒரு தரம், சாயந்திரம் ஐந்தரைக்கு ஒரு தரம். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள மனுஷனை மலைமேல் ஒற்றை ஆளாக விட்டுவிட்டு அவர்களும் ஒரு மாசம் கீழே உட்கார்ந்து பார்க்கட்டும், பிறகு சிரிக்கட்டும்.

அவருக்கு வேலை சித்தேரிப் பக்கம் ஒரு மலையில். நட்சத்திரம் பார்ப்பதற்காக ஒரு கல்லூரிக்காரர்கள் அங்கே கட்டடம் கட்டியிருக்கிறார்கள். உருண்டைக் கூரை, அதற்குள் தொலைநோக்கி, பள்ளிப் பிள்ளைகள் வந்தால் உட்கார ஒரு ஹால், பணியாள் தங்க ஓர் அறை. அந்த அறையின் மொட்டை மாடியில் ஓர் இரும்புக் குழாய் நட்டு, அதன் தலையில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். அது எந்தப் பக்கமும் திரும்பாது. நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், ராவும் பகலும். அது பார்ப்பதை அதே நிமிஷத்தில் யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் பார்க்கலாம். ஒரு வட்டத்துக்குள் மொத்த வானமும் அடங்கியிருக்கும். பகலில் மேகம் போகும், ராத்திரியில் நட்சத்திரம் நகரும், மழைக்காலத்தில் வெறும் சாம்பல் நிறம். வட்டத்தின் ஓரத்தில் இடிதாங்கிக் கம்பி ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

கேமராவின்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல ஒரு மூடி உண்டு. கண்ணாடி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அது ஒரு மாதிரி பிளாஸ்டிக். சட்டென்று கீறல் விழுந்துவிடும். பனியும் தூசியும் காக்காய் எச்சமும் விழுவது அதன்மேல்தான். அதைத் தினம் இரண்டு தரம் ஏணியில் ஏறித் துடைப்பது இவர் வேலை. துடைக்க அவர்கள் கொடுத்த துணி இவருக்குப் பிடிக்கவில்லை. நைந்த வேட்டிக்கு ஈடாக ஒரு துணி உலகத்தில் இல்லை என்பார். அவருடைய பழைய வேட்டிகளை நான்தான் சதுரம் சதுரமாக வெட்டி, தையல் நூல் கீறிவிடும் என்பதால் ஓரம் அடிக்காமல், துவைத்து மடித்துக் கொடுத்துவிடுவேன். பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வரும்போது அழுக்குத் துணி ஒரு பை வரும், சுத்தத் துணி ஒரு பை போகும்.

இந்த வேலைக்கு முன் அவர் மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். போர்வெல் மோட்டார் புகைந்துபோனால் இந்தச் சுற்று வட்டாரத்தில் இவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். செம்புக் கம்பியை அவர் வலது கை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், எண்ணிக்கை தப்பாது, ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறாது. கண் பார்வை கொஞ்சம் மங்கியதும் அதை விட்டுவிட்டு இந்த வேலைக்குப் போனார். அமைதியான இடம், நல்ல காற்று, உடம்புக்கு நல்லது என்றார். எனக்கு அப்போதே பயம்தான். அவருடைய அண்ணன் வயலில் விழுந்து கிடந்தது யாருக்கும் தெரியாமல், பொழுது சாய்ந்தபிறகுதான் கண்டுபிடித்தார்கள். அது கூப்பிட்டால் கேட்கிற தூரத்து வயல். இது மலை. போனில் சிக்னல் கிடைக்க ஒரு கிலோமீட்டர் நடந்து ஒரு வளைவுக்கு வரவேண்டும். கட்டடத்துக்குள் இருக்கிற வைஃபை மழை பெய்தால் போய்விடும். அங்கே இவருக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும்? மூன்று வருஷமாக என் தலைக்குள் ஓடியது இந்த ஒரே கேள்விதான்.

கையைக் காட்டுகிற ஏற்பாடு என் நச்சரிப்பில் வந்தது. துடைத்து முடித்ததும் கண்ணாடிக்கு மேலே, அதில் பட்டுவிடாமல், உள்ளங்கையை விரித்து இரண்டு நிமிஷம் காட்டவேண்டும். ஐந்து விரலும் விரிந்திருந்தால் நல்லா இருக்கிறேன், சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன் என்று அர்த்தம். கையை மூடிக் காட்டினால் போன் பண்ணு என்று அர்த்தம். முதலில் வெட்கப்பட்டார். உலகமே பார்க்கிற கேமராவில் பெண்டாட்டிக்குக் கை காட்டுவதா என்றார். உலகத்துக்கு வேறு வேலை இல்லையா, உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று கேட்டேன். அதற்கப்புறம் ஒரு வேளைகூடத் தப்பியதில்லை.

நான் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக் கடையில் வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, ஃபிளெக்ஸ் டிசைன், கப்பில் படம் பதிப்பது எல்லாம் உண்டு. கம்ப்யூட்டரின் ஒரு மூலையில் அந்த வானத்தைத் திறந்து வைத்திருப்பேன். முதலாளி முதலில் முணுமுணுத்தார், பிறகு அவரே மழை வருமா என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தார். ஐந்தரை மணியானால் வாடிக்கையாளர் நின்றாலும் சரி, என் கண் அந்த மூலைக்குப் போய்விடும். அந்த லென்ஸ் கிட்டே வருகிற எதையும் உப்பவைத்துக் காட்டும். விரல்கள் ஒவ்வொன்றும் மொந்தன் வாழைக்காய் அளவுக்குத் தெரியும். வானம் முழுக்க அவர் கை. மணிக்கட்டில் குலதெய்வம் கோயிலில் நான் கட்டிவிட்ட மஞ்சள் கயிறு. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு அடுத்த வேலை ஓடும்.

நான் அன்பாகப் பேசுகிற ஆள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். மேற்கு ஓரத்தைச் சரியாகத் துடைக்கவில்லை என்று திட்டுவேன். கை காட்டப் பத்து நிமிஷம் தாமதமானால் திட்டுவேன். போனை எடுத்ததும் அவர் முதலில் சொல்வதே, இப்ப என்னா தப்பு பண்ணேன் என்பதுதான். எங்கள் கல்யாணத்துக்கு இருபத்திரண்டு வருஷம். ஒரே மகள், அவளும் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அவள்கூட, ஏம்மா அப்பாவப் போட்டு இந்தப் பாடு படுத்தறீங்க என்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கேமரா நின்றுபோனது. கறுப்பு வட்டம், அதன்மேல் பராமரிப்புப் பணி நடக்கிறது என்று ஒரு வரி. மேடம் ஏதோ புதுசாக மாற்றுகிறார், இரண்டு நாள் ஓடாது என்று இவர் முன்னாடியே சொல்லியிருந்தார். மேடம் என்பது அந்த இடத்துக்குப் பொறுப்பான பெண். முப்பது வயசுகூட இருக்காது. இவரை அண்ணா என்று கூப்பிடும். கல்லூரியில் இருந்துகொண்டே மலையில் இருக்கிற கம்ப்யூட்டரை இயக்கும், வேலை இருந்தால்தான் மேலே போகும். எல்லாம் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் அந்த இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய் சாயந்திரம் அவர் வளைவுக்கு நடந்து வந்து கூப்பிட்டு, உயிரோடதான் இருக்கறேன், போய் வேலையைப் பாரு என்றார். அன்றைக்கு அவர் குரல் நன்றாக இருந்தது. அதை நான் பிற்பாடு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

புதன்கிழமை மத்தியானம் வானம் திரும்பி வந்தது. இடிதாங்கிக் கம்பி எப்போதும் வட்டத்தின் இடது ஓரத்தில் இருக்கும், இப்போது வலது ஓரத்தில் இருந்தது. கேமராவைக் கழற்றித் திருப்பி மாட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. நான் எந்தக் காலத்தில் கம்பியைப் பார்த்தேன்?

ஐந்தரைக்குத் துணி வந்தது. துணி மட்டும்தான் வந்தது. பொத்தென்று கண்ணாடியின்மேல் விழுந்து அப்படியே கிடந்தது. வட்டம் முழுக்க வெள்ளை. வேட்டியின் நூலிழைகூடத் தெரிந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று, யாரும் எடுக்கவில்லை. ஒரு அம்மா பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பேரனை உட்காரவைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு ஒரு கை வந்து துணியை எடுத்தது. மெதுவாகத் துடைத்தது. துடைத்து முடித்து, ஐந்து விரலும் விரித்துக் காட்டியது.

நல்லா இருக்கிறார். அந்த நிமிஷமே என் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. ஏனென்றால் மணிக்கட்டில் கயிற்றைக் காணோம்.

போன் போட்டேன். வைஃபையில் எடுத்தார். துணியைப் போட்டுவிட்டு எங்கே போனீர்கள், என் உயிரே போய்விட்டது என்று ஆரம்பித்து, கயிறு எங்கே என்று கேட்டேன். கயிறா என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிறகு, அறுந்துபோச்சு என்றார். எப்போது அறுந்தது, எங்கே போட்டீர்கள், காலில் மிதிபடுகிற இடத்தில் போடவில்லையே என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். தெரியலம்மா, எங்கியோ வுழுந்திடுச்சு என்றார். சாமி கயிறு தானாக அறுந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வரவேண்டியது ஏதோ கயிற்றோடு போயிற்று என்று நல்லதாகவும் எடுத்துக்கொள்ளலாம், இனிமேல் வரப்போகிறது என்று கெட்டதாகவும் எடுத்துக்கொள்ளலாம். நான் எதை எடுத்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வரவேண்டிய முறை. வெள்ளிக்கிழமை போன் பண்ணி, வரமுடியாது, அடுத்த வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள், ஹாலில் வயரிங் வேலை கிடக்கிறது என்றார். வேறு கயிறு வாங்கி வைத்திருக்கிறேன், வந்து கட்டிக்கொண்டாவது போங்கள் என்றேன். அடுத்த தரம் பார்த்துக்கலாம் என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். அந்தக் கேமராவையே கட்டிக்கொண்டு கிடங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

ஆனால் கை பார்ப்பதை விடவில்லை. கடைக்கு ஞாயிறு விடுமுறை, வீட்டில் செல்போனில் பார்த்தேன். காலை ஒரு கை, சாயந்திரம் ஒரு கை. ஐந்து விரலும் இருந்தன. கட்டைவிரல் எப்போதும் எந்தப் பக்கம் இருக்குமோ அந்தப் பக்கமே இருந்தது. கயிறு இல்லாத அந்த வெறும் மணிக்கட்டைப் பார்க்கப் பார்க்க மனசு அடித்துக்கொண்டது. ராத்திரி படுத்தால் அவர் அண்ணன் வயலில் கிடந்ததுதான் கண்ணுக்குள் வந்தது. கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்தேன். கயிற்றுக்காக நான் பட்ட கவலைக்கு அளவே இல்லை. கயிற்றைப் பார்த்தேனே தவிர, கையைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் மேடம் கடைக்கு வந்தது. வரப்போகிற பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்க, அந்தக் கேமரா எடுத்த படத்தைக் கப்பில் பதிக்கவேண்டுமாம். நம் அண்ணன் வீட்டு அக்கா இருக்கும்போது வேறு கடைக்கு எதற்குப் போவது என்று இங்கேயே வந்திருக்கிறது. முப்பது கப்புக்கு நட்சத்திர வானம். இன்னும் ஒரே ஒரு கப், அது அண்ணனுக்கு, சொல்லாமல் கொடுக்கவேண்டும் என்று சிரித்தது. அதற்கு என்ன படம் தெரியுமா? இவருடைய உள்ளங்கை. கேமரா நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்துச் சேர்த்து வைக்குமாம், வியாழக்கிழமை எடுத்ததில் கை அழகாக விழுந்திருக்கிறதாம். மேடம் சிரிக்க, முதலாளி சிரிக்க, எனக்கும் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்தது. படத்தை வாங்கிக் கம்ப்யூட்டரில் திறந்தேன்.

கப்பு வேலையில் ஒரு சங்கதி உண்டு. படத்தை முதலில் தாளில் அச்சடித்து, அந்தத் தாளைக் கப்பில் சுற்றிச் சூட்டில் வைப்போம். தாளிலிருந்து கப்புக்கு ஏறும்போது இடது வலது மாறிவிடும். அதனால் தாளிலேயே கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி அச்சடிக்கவேண்டும். அதற்கு மிரர் என்று ஒரு பட்டன். புதிதில் ஒருமுறை அதை அமுக்க மறந்து, ஒரு கல்யாணத்துக்கு நாற்பது கப்பில் மாப்பிள்ளை பெண் பெயரை இடம் வலம் மாற்றிப் பதித்துவிட்டேன். முதலாளி இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அன்றிலிருந்து மிரர் போட்டாயிற்றா என்று மூன்று தரம் பார்த்துக்கொள்வது என் பழக்கம். அன்றைக்கும் வாய்விட்டே சொன்னேன், மிரர் போடணும் என்று.

மேடம், “இருங்கக்கா, கொழப்பமாயிடும்” என்றது. “இந்தப் படமே ஏற்கெனவே மிரர்தான். போன வாரம் கேமராவுலயே நான் திருப்பி வுட்டுட்டேன்.”

ஏன் என்று கேட்டேன். வானத்தை நாம் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பதால் அந்தப் படத்தில் கிழக்கு இடது கைப் பக்கம் வருமாம். பள்ளிக்கூட மேப்பில் கிழக்கு வலது பக்கம். பிள்ளைகள் வந்தால், படம் தப்பு என்று தினம் இதே சண்டையாம். அதனால் புதிதாக மாற்றும்போது படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டதாம். நேரிலே இருக்கிற மாதிரியே கப்பில் வரவேண்டும், அதனால் முதலில் ஒரு தரம் திருப்பி, படத்தைச் சரியாக்கிக்கொண்டு, அதற்கப்புறம் உங்கள் மிரரைப் போடுங்கள் என்றது.

சரி என்று பட்டனை அமுக்கினேன். திரையில் கை புரண்டது. கட்டைவிரல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது.

அது இடது கை.

நான் மறுபடி அமுக்கினேன், வலது கை ஆனது. மறுபடி அமுக்கினேன், இடது கை ஆனது. மேடம் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தது, காதில் விழவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நான் பிடித்த கை. அது எந்தக் கை என்று எனக்குத் தெரியவில்லை. காயில் கட்டின கை, சோறு பிசைகிற கை, மூன்று வருஷமாகத் தினம் இரண்டு வேளை எனக்குக் காட்டின கை வலது கை. கயிறு கட்டினதும் அதில்தான். இந்தக் கையில் கயிறு இல்லாததற்குக் காரணம், இதில் எப்போதும் கயிறு இருந்ததில்லை.

மேடத்தின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, வீடியோ காலில் அவரைக் கூப்பிடச் சொன்னேன். மேடம் கூப்பிட்டது. எடுத்தார். முகம் நன்றாகத்தான் இருந்தது, மூன்று நாள் தாடி. என்னைப் பார்த்ததும் பழையபடி, இப்ப என்னா தப்பு பண்ணேன் என்றார்.

“வலது கையைத் தூக்குங்க” என்றேன்.

“என்னாத்துக்கு?”

“தூக்குங்க.”

“போனப் புடிச்சிக்கிட்டு இருக்கறேன் இல்ல.”

“போனக் கீழ வெச்சிட்டுத் தூக்குங்க.”

போனைக் கீழே வைத்தார். திரையில் அந்த அறையின் சீலிங் ஃபேன் மட்டும் தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைக்கு வெளியே சேலம் பஸ்காரன் ஆள் கூப்பிடுகிற சத்தம்தான் கேட்டது. கடைசியில் படுத்திருக்கிற போனுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“வரலம்மா. பொதங்கெழமையிலருந்து வரல.”

பிறகு நடந்ததை எல்லாம் மேடம்தான் நடத்தியது. மலைக் கிராமத்தில் ஜீப் வைத்திருக்கிற ஒருவருக்குப் போன் பண்ணி இவரை உடனே ஏற்றிக்கொண்டு வரச் சொன்னது. நான் மேலே போகிறேன் என்று நின்றேன். நீங்கள் மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜீப்பே தருமபுரிக்கு வந்துவிடும் என்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. பெரியாஸ்பத்திரி வாசலில் இரண்டரை மணி நேரம் நின்றேன். வருகிற ஜீப்பெல்லாம் அவர் ஜீப்பாகத் தெரிந்தது. அந்த மலைப் பாதையில் எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு வளைவிலும் அவரை மனசுக்குள் இறக்கிவிட்டு ஏற்றினேன். பக்கத்தில் நின்ற மேடம் அழுதுகொண்டிருந்தது, நான் திருப்பி வைத்ததால்தானே அக்கா என்று. ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. பொய் சொல்வானேன், அந்தப் பெண்மேல் எனக்கு அன்றைக்குக் கோபம்தான். ஆனால் அது என்ன பண்ணும், பிள்ளைகளுக்குக் கிழக்கு தெரியட்டும் என்று செய்தது.

ஜீப்பிலிருந்து அவர் தானாகத்தான் இறங்கினார். இடது கையில் ஒரு பை. அழுக்குத் துணிப் பை. அந்த நிலைமையிலும் துவைக்கவேண்டிய துணியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். வலது கை பக்கத்தில் சும்மா தொங்கியது. அதன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு வெளுத்துப்போய், அறுபடாமல் அப்படியே இருந்தது.

டாக்டர் முதலில் கேட்டது, எப்போது ஆரம்பித்தது என்றுதான். இவர் இழுத்தார். நான் சொன்னேன், புதன்கிழமை சாயந்திரம் அஞ்சரை மணி என்று. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார், நீங்கள் கூட இருந்தீர்களா என்று கேட்டார். இல்லை, பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். எனக்கே அது எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு, அன்றைக்கே வந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம், இப்போது மாத்திரையும் பயிற்சியும்தான், கை வரும், எவ்வளவு வரும் என்று சொல்லமுடியாது என்றார்.

வார்டில் படுக்கவைத்தபிறகு கேட்டேன். காலையிலேயே கை மரத்திருந்ததாம், காயில் கட்டின காலத்தில் அப்படி வருவதுண்டு என்று தைலம் தேய்த்தாராம். சாயந்திரம் கண்ணாடிமேல் துணி நழுவி விழுந்தபோதுதான் வேறு என்று தெரிந்ததாம். ஏணியில் நின்றபடி வலது கையை எடு எடு என்று இரண்டு நிமிஷம் பார்த்திருக்கிறார். நானும் அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் இடது கையால் எடுத்துத் துடைத்திருக்கிறார்.

அப்போதே கையை மூடிக் காட்டுவதற்கு என்ன என்று கேட்டேன்.

“காட்டலாம்னுதான் நெனச்சேன்” என்றார். “நீ கத்துவ.”

அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வெயிலடிக்கும், மழை பெய்யும் என்பதுபோலச் சொன்னார். நான் எழுந்து வெளியே போய், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். செத்தாலும் சாகலாம், இவளிடம் திட்டு வாங்கமுடியாது என்று ஒரு மனுஷன் ஐந்து நாள் மலைமேல் இருந்திருக்கிறார். அப்படி ஒரு வாயை நான் வைத்திருந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் நாலு மாசம் வீட்டில் இருந்தார். பந்தை அமுக்குவது, சுவரில் விரலால் ஏறுவது எல்லாம் செய்தார். நான் பழைய வேட்டித் துணியை நனைத்துக் கொடுப்பேன், வலது கையாலேயே பிழியவேண்டும். முதல் மாசம் சொட்டுத் தண்ணீர் விழவில்லை. மாத்திரை நேரம் தப்பினால் எனக்கு வாய் வரை வரும். விழுங்கிக்கொள்வேன். ஒருநாள் அவரே, என்ன உனக்கு உடம்பு சரியில்லையா, சத்தமே காணோம் என்று கேட்டார். மலையில் வேறொரு ஆள் துடைத்தார். அதை என் போனில் பார்த்துவிட்டு, மேற்கு ஓரத்தை விட்டுட்டான் பாரு என்று இவர் குறைசொல்வார். மேடம் படத்தை மறுபடி பழையபடி திருப்பி வைத்துவிட்டது. இடிதாங்கிக் கம்பி இடது ஓரத்துக்கு வந்துவிட்டது. இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அந்தக் கம்பியைத்தான்.

டாக்டர் போகலாம் என்றபிறகு திரும்ப வேலைக்குப் போனார். எனக்குச் சம்மதமில்லை. ஆனால் வீட்டில் உட்காரவைத்தால் மனுஷனுக்குக் கையைவிடச் சீக்கிரம் மனசு மரத்துப்போகும் என்று தெரிந்தது. ஏணிக்குக் கைப்பிடி போட்டிருக்கிறார்கள், கூட இன்னொரு ஆளும் இருக்கிறார் என்று மேடம் சத்தியம் பண்ணியது. புதுக் கயிற்றை வலது மணிக்கட்டில் கட்டி, துணிப் பையைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

அன்றைக்குச் சாயந்திரம் ஐந்தே கால் மணிக்கே வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். கம்பி இடது ஓரத்தில் இருந்தது. ஐந்தரை ஆயிற்று. ஐந்து முப்பத்தைந்து. முதலாளியும் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். துணி வந்தது, இடது கைதான் துடைத்தது, பரவாயில்லை, துடைக்கட்டும் என்று நினைத்தேன். துணி போனது. வானம் காலியாக இருந்தது. அந்த இடது கையைத்தான் இப்போது காட்டுவார், ஐந்து விரலும் பளிச்சென்று விரியும், நானும் நிம்மதியாகக் கடையைச் சாத்திவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

மஞ்சள் கயிறு கட்டின கை வந்தது. நடுங்கிக்கொண்டே வந்தது. கீழேயிருந்து அவருடைய இடது கையே அதன் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தது. மெதுவாக விரல்கள் விரிந்தன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையிலேயே மடங்கிக் கிடந்தன. விரிக்கப் பார்த்தார், வரவில்லை. அப்படியே, மூன்று விரலோடு, இரண்டு நிமிஷம் எனக்குக் காட்டிக்கொண்டு நின்றார்.